கியாவும் ஸ்டோர்க்கும்: பாம்பன் பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஐபி முகவரி கொடுத்த ஒரு வருஷ அனுபவம்

படிக்க நேரம் இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலைந்து ஊர்களில் கிளை உள்ள கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறீர்களா, ஊருக்கு ஊர் போகிற லைன் அடிக்கடி அறுந்துபோகிறதா, அப்படியென்றால் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கிற கியா டிஹெச்சிபி சர்வரையும் அதோடு சேர்ந்து வேலை செய்யும் ஸ்டோர்க் டேஷ்போர்டையும் தைரியமாகப் போடுங்கள். ஆனால் எல்லாக் கிளைகளுக்கும் ஐபி கொடுக்கிற வேலையைத் தலைமை அலுவலகத்தில் ஒரே மெஷினில் கொண்டுபோய் வைக்காதீர்கள். கணக்கும் கட்டுப்பாடும் ஒரு இடத்தில் இருக்கட்டும், கொடுக்கிற கை அந்தந்த ஊரிலேயே இருக்கட்டும். இந்த வித்தியாசம் எங்களுக்கு ஒரு மழைநாளில் புரிந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு கடல் உணவு ஏற்றுமதி கம்பெனி. தலைமை அலுவலகம் ராமநாதபுரத்தில். மண்டபத்தில் நண்டும் கணவாயும் பதப்படுத்துகிற ஆலை. பாலம் தாண்டி தங்கச்சிமடத்தில் ஐஸ் பிளாண்ட், பேக்கிங், குளிர்பதனக் கிடங்கு. அப்புறம் பாம்பன், தொண்டி, கீழக்கரை மூன்றிலும் கொள்முதல் செய்யும் இடங்கள். மொத்தம் 600 கருவிகளுக்குப் பக்கம் வரும். கம்ப்யூட்டர் அதில் கால்வாசிகூட இருக்காது. மீதி எல்லாம் சிசிடிவி கேமரா, எடை மெஷினோடு இணைந்த பெட்டிகள், லேபிள் பிரிண்டர், கைரேகை வருகைப்பதிவு மெஷின், குளிர்பதன அறையின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி, ஐபி போன், சூப்பர்வைசர்களின் கையடக்க ஸ்கேனர். இவற்றில் ஒன்றுகூடத் தனக்கு முகவரி இல்லை என்று வாய் திறந்து சொல்லாது. அப்படியே நின்றுபோகும், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி வேண்டும். கருவி உள்ளே வந்ததும் "யாராவது எனக்கு முகவரி கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்கும், சர்வர் ஒன்றை நீட்டும், கருவி "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும், சர்வர் உறுதி செய்யும். இந்த நாலு பேச்சுதான் டிஹெச்சிபி. இன்றும் நாம் பின்பற்றுகிற ஆர்எஃப்சி 2131 என்ற விதி 1997 மார்ச்சில் வந்தது. முகவரி சொந்தமாகக் கிடைப்பதில்லை, வாடகைக்குத்தான், அதற்கு லீஸ் என்று பெயர். லீஸில் பாதி நேரம் கழிந்ததும் கருவி தானாகவே புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் 87.5 சதவீத நேரத்தில் எந்த சர்வராவது பதில் சொல்லட்டும் என்று மறுபடி பொதுவாகக் கேட்கும். அதற்கும் பதில் இல்லை என்றால், லீஸ் முடிந்த நிமிஷத்தில் முகவரியைக் கீழே வைத்துவிடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

முதலில் எங்கள் நிலைமை என்னவென்றால் ஒவ்வொரு கிளையிலும் லைன் கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன ரவுட்டரே ஐபி கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லா ஊரிலும் ஒரே 192.168.1 வரிசை. கிளைகளை விபிஎன் (இன்டர்நெட் வழியாகப் போகும் தனி இணைப்பு) மூலம் இணைக்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது, தொண்டியின் எடை மெஷினும் மண்டபத்து கேமராவும் ஒரே முகவரியில் உட்கார்ந்திருந்தன. எந்த முகவரி யாருக்கு என்பது ஒரு எக்செல் தாளில் இருந்தது, அதுவும் இரண்டு பேரிடம் இரண்டு விதமாக. அதனால் 2023இல் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினோம். ஒவ்வொரு ஊருக்கும் தனி வரிசை, உதாரணமாக மண்டபத்துக்கு 10.20.2, தங்கச்சிமடத்துக்கு 10.20.3. ராமநாதபுரத்தில் ஒரே சர்வர். கிளைகளில் இருக்கும் ஸ்விட்ச் ரிலேயாக நின்று, கருவிகள் கேட்பதை வாங்கி ராமநாதபுரத்துக்கு அனுப்பும். பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. எல்லாரும் பாடத்தில் படித்த முறை அது, தவறு என்று யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை.

2024 நவம்பர் 20. ராமேஸ்வரம் தீவில் மேகவெடிப்பு மழை, ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்த நாள் மறக்காது. மதியம் மூன்று மணிவாக்கில் தங்கச்சிமடத்து லைன் போனது. இன்டர்நெட்தானே போயிருக்கிறது, உள்ளே வேலை ஓடும் என்று இருந்துவிட்டேன். அப்போது எங்கள் லீஸ் 8 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு கருவியும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது என்றால், லைன் அறுந்தபோது அவற்றின் கையில் நாலிலிருந்து எட்டு மணி நேர லீஸ்தான் மிச்சம். அதாவது இரவு ஏழு மணிக்கு முதல் கருவி முகவரியை இழக்கும், பதினொன்றுக்குள் கடைசிக் கருவியும் இழந்துவிடும். அப்படியேதான் நடந்தது. பிரிண்டரும், கம்ப்யூட்டரும், ஸ்விட்சும், கேபிளும் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் நல்லபடியாக இருந்தன, ஆனால் ஒன்றை ஒன்று பார்க்க முடியவில்லை, 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு மெஷின் பதில் சொல்லாததால்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அங்கே பேக்கிங் பார்க்கும் அண்ணன் போன் செய்தார். "தம்பி, லேபிள் மெஷின் நாலும் நின்னுபோச்சு. தூத்துக்குடி லாரி வாசல்ல நிக்குது." கேபிளைப் பாருங்கண்ணே, கரண்ட் இருக்கா பாருங்கண்ணே என்று நானும் ஏதேதோ கேட்டேன். கம்ப்யூட்டரில் என்ன முகவரி காட்டுகிறது என்று வாசிக்கச் சொன்னபோது "169.254" என்று தொடங்கினார், அப்போதே புரிந்துவிட்டது. சர்வர் எதுவும் கிடைக்காதபோது கருவி தானாகப் போட்டுக்கொள்ளும் முகவரி அது. தண்ணீர் தேங்கிய ரோட்டில் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்து, பிரிண்டர் ஒவ்வொன்றுக்கும் கையால் முகவரி போட்டு முடிக்க பத்து மணி தாண்டிவிட்டது. லேபிள் ஒட்டாத பெட்டியை கன்டெய்னரில் ஏற்ற முடியாது. அதைவிட மோசம், குளிர்பதன அறையின் வெப்பநிலைப் பதிவில் இரவு முழுக்க ஓட்டை. மைனஸ் 18 டிகிரிக்கு மேலே ஏறவில்லை என்று காட்டுவதற்கு அந்தப் பதிவுதான் எங்களுக்கு ஆதாரம். நல்லவேளை, ஐஸ் பிளாண்ட் ஆப்பரேட்டர் பழைய வழக்கப்படி மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு எங்களைக் காப்பாற்றியது.

சரி, லீஸ் நேரத்தை ஒரு வாரமாகக் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்லுவார்கள். பாதி தீரும். ஆனால் லைன் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்? நிறைய மலிவான கேமராவும் பிரிண்டரும் பழைய முகவரியை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, அணைந்து எழுந்ததும் முதலிலிருந்து கேட்கும். எங்கள் பக்கத்தில் புயல் மழை என்றால் லைனும் கரண்டும் சேர்ந்தே போகும். ஆக லீஸைக் கூட்டுவது மருந்து இல்லை.

அதற்குப் பிறகு வேறு வழிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். பெரிய வங்கிகள் வாங்கும் இன்ஃபோபிளாக்ஸ், புளூகேட் மாதிரியான பெட்டிகள் எங்கள் அளவுக்குப் பொருந்தாது, விலை கேட்கவே வேண்டாம். விண்டோஸ் சர்வரில் இருக்கும் டிஹெச்சிபி நல்ல பொருள்தான், 2012 பதிப்பிலிருந்தே இரண்டு சர்வர்கள் ஒன்றுக்கு ஒன்று துணை நிற்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கிளையிலும் ஒரு விண்டோஸ் சர்வர் லைசென்ஸ், அதற்கு மேல் பயன்படுத்துவோர் எண்ணிக்கைக்கான லைசென்ஸ் என்று போகும். ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் சூழலில் முழுமையாக இருப்பவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம், மாற வேண்டிய அவசியம் இல்லை. நாங்கள் லினக்ஸில் ஓடும் பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபி வைத்திருந்தோம். அதைத் தயாரித்த இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்டியம் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2022 கடைசியிலேயே அதன் பராமரிப்பை நிறுத்திவிட்டது. இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கான பைண்ட் என்ற மென்பொருளைப் பராமரிக்கும் அதே அமைப்புதான். பழையதற்கு மாற்றாக அவர்களே எழுதியது கியா. அதன் 1.0 பதிப்பு 2015 டிசம்பரில் வந்தது.

கியா என்றதும் கார் ஞாபகம் வரும், இது நியூசிலாந்து மலைகளில் வாழும் ஒரு கிளியின் பெயர். ஸ்டோர்க் என்றால் நாரை. கியா வேலை செய்கிற ஆள், ஸ்டோர்க் மேற்பார்வை. ஒவ்வொரு கியா மெஷினிலும் ஸ்டோர்க்கின் ஏஜென்ட் ஒன்று ஓடும், ராமநாதபுரத்தில் இருக்கும் ஸ்டோர்க் சர்வரில் வந்து பதிவு செய்துகொள்ளும், நாம் பிரவுசரில் நுழைந்து "இது நம்ம மெஷின்தான்" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் அது பட்டியலில் சேரும். எந்த ஊரில் எத்தனை முகவரி இருக்கிறது, எத்தனை போய்விட்டது, எந்தச் சர்வர் உயிரோடு இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் தெரியும்.

மாற்றும் வேலையை 2025 மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆலையில் வேலை குறைவு, நெட்வொர்க்கை அரைமணி நேரம் நிறுத்தினாலும் யாரும் சத்தம் போட மாட்டார்கள். இந்தக் கரையில் ஐடி வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய வசதி, பெரிய மாற்றம் எதுவாக இருந்தாலும் அந்த இரண்டு மாதத்துக்குள் திட்டமிடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் விசிறி இல்லாத சின்ன கம்ப்யூட்டர் ஒன்று, 8 ஜிபி மெமரியோடு, வாங்கினோம். விசிறி இல்லாததாகப் பார்த்து வாங்கியதற்குக் காரணம் உப்புக்காற்று. பாம்பனில் ஒரு கச்சான் காற்றுக் காலம் முடிவதற்குள் விசிறி வைத்த பெட்டி உள்ளே எல்லாம் பச்சை பூத்துவிடும், கேபிள் முனைகூட அரித்துப்போகும், அதனால் மெஷினை ரப்பர் ஓரம் வைத்த மூடிய பெட்டிக்குள்ளும் வைத்தோம். 600 கருவிக்கு ஐபி கொடுக்க இந்த மெஷினில் பத்தில் ஒரு பங்கு பலம்கூடத் தேவையில்லை.

பழைய கான்ஃபிக் (சர்வரின் அமைப்புகளை எழுதி வைக்கும்) கோப்பை கியாவுக்கு மாற்றித் தர கீயாமா என்ற உதவிக் கருவியை அவர்களே கொடுக்கிறார்கள். முக்கால்வாசி சரியாக மாற்றித் தந்தது, மீதியைக் குறிப்பாக எழுதிக் காட்டியது, அவற்றை நான் கையால் எழுதினேன். கியாவின் கான்ஃபிக் ஜேசான் என்ற எழுத்து வடிவத்தில் இருக்கும். ஒரு காற்புள்ளி தவறினாலும் எழுந்திருக்காது. ஆனால் சர்வரை நிறுத்தாமலே கோப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது, அதைப் போடாமல் ஒருபோதும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். லீஸ் விவரம் சாதாரண எழுத்துக் கோப்பில் பதிவாகும். எங்கள் அளவுக்கு அதுவே போதும், டேட்டாபேஸ் வேண்டாம்.

இப்போது இதன் உயிர்நாடிக்கு வருகிறேன். கியாவில் இரண்டு சர்வர்கள் ஒன்றுக்கு ஒன்று துணையாக நிற்கும் வசதி, ஹை அவைலபிலிட்டி ஹூக், ஆரம்பத்திலிருந்தே இலவசம் (ஹூக் என்றால் கியாவோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்). 2.6 பதிப்பிலிருந்து அதிலேயே இன்னொரு முறையையும் சேர்த்தார்கள்: நடுவில் ஒரு மெஷின், சுற்றிலும் கிளை மெஷின்கள். சைக்கிள் சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும் மாதிரி. தங்கச்சிமடத்துக்கு தங்கச்சிமடத்து மெஷின்தான் முதல் ஆள், தொண்டிக்கு தொண்டி மெஷின். ராமநாதபுரத்து மெஷின் எல்லாருக்கும் துணை ஆள். கிளை மெஷின் ஒரு முகவரி கொடுத்த உடனே அந்தச் செய்தி ராமநாதபுரத்துக்கும் போய்விடும். எந்த சப்நெட் (ஒரு ஊருக்கு ஒதுக்கிய முகவரி வரிசை) எந்தக் கிளை ஜோடியைச் சேர்ந்தது என்று நடு மெஷினின் கான்ஃபிக்கில் குறித்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் சரியாக ஓடாது. கிளை ஸ்விட்சில் ரிலேவுக்கு ராமநாதபுரத்து முகவரியை அப்படியே விட்டுவையுங்கள். கிளை மெஷின் செத்துப்போனால் கருவிகளின் குரல் அந்த வழியாகத்தான் நடு மெஷினுக்குப் போகும். ஆக லைன் போனால் கிளை மெஷின் பார்த்துக்கொள்ளும், கிளை மெஷின் போனால் ராமநாதபுரம் பார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் போனால்தான் ஆபத்து.

சொன்னால் போதாது என்று சோதித்தேன். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடத்து லைன் கேபிளை உருவிவிட்டு, மெயின் சுவிட்சையும் அணைத்துப் போட்டு, எல்லாக் கருவியையும் புதிதாக எழுப்பினேன். லேபிள் பிரிண்டர் நாலும் ஒரு நிமிஷத்துக்குள் முகவரி வாங்கிக்கொண்டன. பேக்கிங் அண்ணன் பக்கத்தில் நின்று ஒரு லேபிளை அடித்துப் பார்த்து, "இதுதான் தம்பி வேணும்" என்றார். கேபிளைத் திரும்பச் சொருகியதும் இரண்டு மெஷின்களும் ஒன்றின் கணக்கை மற்றொன்று வாங்கிச் சரிபார்த்துக்கொண்டன, நான் எதுவும் செய்யவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

எதிர்ப்பக்கச் சோதனையில்தான் மாட்டிக்கொண்டேன், இதைக் கவனமாகப் படியுங்கள். கீழக்கரையில் இருப்பது மொத்தம் ஒன்பது கருவி. அங்கே கிளை மெஷினை அணைத்துவிட்டு ராமநாதபுரம் கைகொடுக்கும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கால்மணி நேரம் ஆகியும் வரவில்லை. காரணம் என்னவென்றால், துணை மெஷின் எடுத்த எடுப்பிலேயே முதல் ஆள் செத்துவிட்டான் என்று முடிவு கட்டாது. 60 விநாடி தொடர்பு இல்லாமல் இருந்த பிறகு, கருவிகள் பதில் கிடைக்காமல் தவிக்கிறதா என்று எண்ணும். அப்படித் தவிக்கும் கருவிகளின் எண்ணிக்கை 10ஐத் தாண்டினால்தான் பொறுப்பை எடுத்துக்கொள்ளும், இது தானாக வரும் அளவு. வெறும் லைன் அறுந்ததை மெஷின் செத்ததாக நினைத்துவிடக்கூடாது என்பதற்காக வைத்திருக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்பது கருவி உள்ள இடத்தில் பத்து எப்படித் தாண்டும்? சின்னக் கிளைகளுக்கு அந்த அளவை 2 ஆகக் குறைத்தேன், அடுத்த சோதனையில் சரியாக எடுத்துக்கொண்டது. சின்னச் சின்னக் கிளைகள் வைத்திருக்கும் எல்லாரும் இதில் விழுவார்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்டோர்க்கின் அருமை அன்றாட வேலையில் தெரிகிறது. மண்டபத்தில் ஒரு கேமரா வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை உறைந்து நிற்கும், மாற்றி மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. ஸ்டோர்க்கில் லீஸ் தேடும் இடத்தில் "மறுக்கப்பட்டவை" மட்டும் என்று வடிகட்டிப் பார்த்தேன். ஒரே முகவரி, 10.20.2.61, தினமும் வந்து நின்றது. சர்வர் அந்த முகவரியை நீட்டும்போதெல்லாம் வாங்கிய கருவி "இது ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறது. அப்படித் திரும்பி வந்ததை கியா 24 மணி நேரம் ஒதுக்கி வைக்கும், பிறகு மறுபடியும் நீட்டும். யார் கையில் என்று தேடினால் கைரேகை மெஷின். அதை மாட்ட வந்தவர் யாரிடமும் சொல்லாமல் நடு வரிசையில் ஒரு முகவரியைக் கையால் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நல்ல கருவிகள் சோதித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தன, மலிவுக் கேமரா சோதிக்காமல் வாங்கிக்கொண்டு சண்டை போட்டது. ஏழு மாதத் தலைவலி பத்து நிமிஷத்தில் தீர்ந்தது.

முகவரி தீர்ந்துபோகிற பிரச்சினையும் அப்படித்தான். தடைக்காலம் முடிந்து முதல் வாரம் மண்டபத்தில் ஆள் கூட்டம், லாரி டிரைவர்கள், வியாபாரிகள் எல்லாரும் விருந்தினர் வைஃபையில் நுழைவார்கள். பத்து நிமிஷம் இருந்துவிட்டுப் போனவருக்கும் ஒரு நாள் லீஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம், மதியத்துக்குள் பூல், அதாவது கொடுப்பதற்கு வைத்திருந்த முகவரிகள், காலி. ஸ்டோர்க்கில் அந்த சப்நெட்டின் பட்டை நிறம் மாறி நின்றதைப் பார்த்துத்தான் தெரிந்தது. விருந்தினர் லீஸை ஒரு மணி நேரமாகக் குறைத்தேன், பிரிண்டருக்கும் கேமராவுக்கும் மூன்று நாள், கம்ப்யூட்டருக்கு ஒரு நாள். அப்புறம் ஒன்று, போன்களுக்கு மேக் முகவரியை (தயாரிக்கும்போதே கருவியில் பதியும் அடையாள எண்ணை) வைத்து நிரந்தர முகவரி ஒதுக்க முயலாதீர்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 இவற்றிலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைத்தான் காட்டும், அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்ணை வைத்து ஒதுக்கினால் பொருந்தவே பொருந்தாது.

நாங்கள் தொடங்கியது 2.6இல். அப்போது ஒரு பெரிய குறை இருந்தது, பிரவுசரிலிருந்தே நிரந்தர முகவரி ஒதுக்கவும் சப்நெட் சேர்க்கவும் தேவையான ஹூக்குகள் காசு கட்டியவர்களுக்கு மட்டும். பார்க்கலாம், மாற்ற முடியாது. 2025 ஜூனில் வந்த 3.0 பதிப்பில் அப்படிக் காசுக்கு இருந்த 12 ஹூக்குகளைத் திறந்துவிட்டார்கள். மனதார நன்றி சொல்ல வேண்டிய விஷயம் இது, சின்னக் கம்பெனிகளுக்கு இதனால் கிடைத்த பலன் பெரியது. நீண்ட காலப் பராமரிப்பு உண்டு என்று அறிவித்து வந்த முதல் பதிப்பும் அதுதான். தீபாவளிக்கு முந்தின வாரம் மாறினோம். இப்போது புது பிரிண்டர் வந்தால் மண்டபத்துத் தம்பியே ஸ்டோர்க்கில் முகவரி ஒதுக்கிவிடுகிறார், எனக்குப் போன் வருவதில்லை. அதோடு கிடைத்த இன்னொன்று, முகவரியை நீட்டுவதற்கு முன் அதில் யாராவது இருக்கிறார்களா என்று பிங் அடித்துப் பார்க்கும் ஹூக். கைரேகை மெஷின் கதை இனி நடக்காது.

யாருக்கு எப்போது எந்த முகவரி கொடுத்தோம் என்று எழுதி வைக்கும் ஹூக்கும் அந்தப் பன்னிரண்டில் உண்டு. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவுப்படி கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியில் 10.20.3.44 யாரிடம் இருந்தது என்று கேட்டால் முன்பு நான் முழித்திருப்பேன். இப்போது ஒரு தேடலில் சொல்லிவிடுவேன்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. பிரவுசரில் செய்யும் ஒதுக்கீடு நிலைத்து நிற்க வேண்டும் என்றால் கிளை மெஷினில் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் ஒன்றை நிறுவி இணைக்க வேண்டும், லீஸுக்கு வேண்டாம் என்று நான் சந்தோஷப்பட்ட டேட்டாபேஸ் இந்த வழியாக உள்ளே வந்துவிட்டது. ஆறு மெஷினிலும் அதைப் பராமரிப்பது என் தலையில். ஸ்டோர்க்குக்குத் தெரிவது டிஹெச்சிபி வழியாகப் போன முகவரி மட்டும்தான், கையால் போட்டவை தெரியாது, ஆக எக்செல் தாள் முழுதாக ஒழியவில்லை. ஆவணங்கள் விரிவானவை, ஆனால் புதிதாக வருபவருக்கு எங்கே தொடங்குவது என்று புரியாது, முழுவதும் ஆங்கிலம். லினக்ஸ் தெரியாத இடத்தில் இதை வைக்க வேண்டாம், ஒருவர் லீவில் போனால் இன்னொருவர் கை வைக்க முடிய வேண்டும். ஸ்டோர்க்கில் பார்க்க மட்டும் அனுமதி உள்ள கணக்கு உருவாக்கலாம், கிளை ஆட்களுக்கு முதலில் அதைக் கொடுங்கள். முதல் முறை நுழையும்போது இருக்கும் பொதுவான பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று கியாவின் குறை இல்லை, ஆனாலும் பழி அதன் மேல்தான் விழும். தொண்டியில் ஒருவர் வீட்டிலிருந்து பழைய வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து, சிக்னல் நன்றாக வரட்டும் என்று சுவர் சாக்கெட்டில் சொருகிவிட்டார். அது தன் பங்குக்கு ஐபி கொடுக்க ஆரம்பித்தது, எடை மெஷின் இரண்டு அதனிடம் வாங்கிக்கொண்டு காணாமல் போய்விட்டன. இதை எந்த டிஹெச்சிபி சர்வராலும் தடுக்க முடியாது. ஸ்விட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கைப் போட்டு, நம் சர்வர் இருக்கும் போர்ட் தவிர வேறு எங்கிருந்தும் பதில் வரக்கூடாது என்று கட்ட வேண்டும். அந்த வசதி இல்லாத ஸ்விட்ச் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

செலவு என்று பார்த்தால் மென்பொருளுக்கு ஒரு பைசா கிடையாது, தயாரித்தவர்களிடம் உதவி வேண்டும் என்றால் தனியாகச் சந்தா உண்டு, நாங்கள் எடுக்கவில்லை. ஆறு சின்ன மெஷின், மூடிய பெட்டி, என் இரண்டு மாத உழைப்பு, அவ்வளவுதான். ஒரே கட்டடத்தில் 50 கருவி வைத்திருப்பவருக்கு இதெல்லாம் தேவையில்லை, ரவுட்டரே போதும். பரமக்குடி, மதுரை மாதிரி ஊர்களில் இரண்டு வழியில் லைன் எடுத்து வைத்திருப்பவர்கள் நடுவிலேயே இரண்டு சர்வரை ஜோடியாக வைத்து ரிலேயில் ஓட்டலாம், பராமரிப்பு குறைவு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஃபைபரை நம்பி இருக்கும் எங்களுக்கு அது ஆகாது.

போன மழைக்காலத்தில் தங்கச்சிமடத்து லைன் மூன்று முறை போனது, ஒருமுறை முழுதாக ஒன்றரை நாள். ஒரு லேபிள்கூட நிற்கவில்லை, வெப்பநிலைப் பதிவில் ஒரு மணி நேரம்கூட விடுபடவில்லை. ஆப்பரேட்டர் இன்னும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார், நிறுத்த வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். இப்போது மூக்கையூரில் புதிதாகக் கொள்முதல் இடம் திறக்கிறார்கள். அதற்கான ஏழாவது பெட்டி என் மேசை மேல் கான்ஃபிக் முடிந்து இருக்கிறது, இந்தத் தடைக்காலம் முடிவதற்குள் கொண்டுபோய் மாட்ட வேண்டும்.